விருத்தாம்பாளின் மூன்றாம் அடி

போன வருஷம் தை மாதம் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, மரக்காணத்தில் கலியமூர்த்தியின் உப்பளத்தில், நாற்பத்திரண்டு நண்டுகள் வரிசையாக நின்று பாத்தி மிதித்தன. வாடைக்காற்று சுமாராக இருந்தது. வந்தவை சேற்றில் வளை தோண்டி வாழும், ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள்தான். கையை ஆட்டிக்கொண்டே இருப்பது அவற்றின் வழக்கம். அதை யாரும் சட்டை செய்வதில்லை. இரண்டு அடி அழுத்தி மிதித்து, மூன்றாவது அடியை இடப்பக்கம் இழுத்து வைத்ததுதான் புதுசு. அது விருத்தாம்பாளின் அடி.

மழைக்காலம் முடிந்ததும், உப்புத்தண்ணீர் விடுவதற்கு முன்னால், பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறிவிடும். எட்டுப் பெண்கள் வரிசையாக மிதிப்பார்கள். முதல் ஆள் போடும் அடியைத்தான் மற்ற ஏழு பேரும் போட வேண்டும். முதல் ஆள் விருத்தாம்பாள். அவளுடைய மூன்றாம் அடி இழுப்பில்தான் மண்ணுக்குள் இருக்கும் காற்றெல்லாம் வெளியேறுகிறது என்று கலியமூர்த்தி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்ள, பக்கத்து அளக்காரர்களும் அதை நம்பித் தங்கள் ஆட்களையும் இழுக்கச் சொன்னார்கள். உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். தானே புயல் அடித்த மறுமாதம், சேற்றில் கிடந்த கண்ணாடிச் சில்லு அவள் இடது குதிகாலில் ஏறியது. உப்பு பட்டுப் பட்டுப் புண் ஆற நாளானது. ஆறியபோது கணுக்கால் மடங்கவில்லை. மிதிக்க முடியாதவளுக்கு அளத்தில் என்ன வேலை? நொண்டலையே அடவாக்கிக்கொண்டாள். பதின்மூன்று வருஷமாக மரக்காணத்தில் நல்ல கால் உள்ளவர்களெல்லாம் அவள் புண்ணியத்தில் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நண்டுகளும் நொண்டவே அவள் புடவையைக் கணுக்கால் மறைய இறக்கிவிட்டுக்கொண்டாள். அதிசயம் என்றால் நாலு பேர் வருவார்கள், வந்தால் காலைப் பார்ப்பார்கள். முதலில் வந்தவள் நிவேதா, புதுச்சேரியில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிற பெண். ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு, நான்கு நாள் வெயிலில் உட்கார்ந்து நோட்டு நிறையக் கேள்வி எழுதினாள். நண்டு யாருக்காக ஆடுகிறது? அதற்குத் தாளம் எங்கிருந்து வருகிறது? மனிதன் முதன்முதலில் கரையோரத்து உயிர்களைப் பார்த்துத்தான் ஆடக் கற்றானா?

"அக்கா, உங்களைப் பார்த்து நண்டு கத்துக்கிச்சா, நண்டைப் பார்த்து நீங்க கத்துக்கிட்டீங்களா?"

என்னைப் பார்த்து என்று விருத்தாம்பாள் சொன்னால், உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பாள். நண்டைப் பார்த்து என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு உண்டாக்கிய அடியைத் தூக்கி நண்டுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"தலையே சுத்துது பாப்பா. நாளைக்கு வா."

நாளைக்குள் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஓமனிலிருந்து திரும்பி வந்து ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருக்கும் நசுருதீன் பாய், இதெல்லாம் ஒரு அதிசயமா என்று சிரித்தார். "தொண்ணூத்தெட்டுல அங்க கடற்கரையில இதே நண்டு இதே மாதிரி காலை இழுத்துச்சும்மா. அல்லா மேல ஆணையா, ரெண்டு கண்ணால பாத்தேன்." தொண்ணூற்றெட்டில் அவள் கால் நன்றாக இருந்தது. இருந்ததா? புயலுக்கு முன்னால் தான் எப்படி நடந்தோம் என்று விருத்தாம்பாள் மளிகைக்கடை வாசலிலேயே நின்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கடைசிப் பாத்தியை மிதித்த அன்று கலியமூர்த்தி குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். ரெண்டு நாளாக அவர் பார்வை அவள் காலிலேயே இருந்தது.

"ஏம்மா விருத்தாம்பா, கால்ல எதுனா பிரச்னையா?"

"ஒண்ணும் இல்லீங்களே மொதலாளி."

சொல்லி வாய் மூடவில்லை, நாலாவது சுற்றில் இடது கால் மொத்தமாகக் கைவிட்டது. பொத்தென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தன் பிழைப்பு முடிந்தது என்றே நினைத்தாள். பின்னால் வந்த ஏழு பெண்களும் அதுதான் புது அடி என்று நினைத்து, ஒருத்தி பாக்கியில்லாமல் உட்கார்ந்தார்கள். வரப்போரம் நாற்பத்திரண்டு நண்டுகளும் வயிறு சேற்றில் படிய உட்கார்ந்திருந்தன. பிறகு அவள் கையை ஊன்றி எழுந்தாள், எல்லாரும் எழுந்தார்கள்.

கலியமூர்த்தி குனிந்து தரையை அழுத்திப் பார்த்தார். "பரவால்லியே, உக்காந்தா இன்னும் நல்லா இறுகுது."

சாயங்காலம் நிவேதா தன் செல்போனில் எடுத்திருந்த படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். விருத்தாம்பாள் விழுவதற்குக் கண் இமைக்கும் நேரம் முன்பே நண்டுகள் உட்கார்ந்துவிட்டிருந்தன. மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். பதின்மூன்று வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்த கால், இதுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வருஷம் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்தது. இந்தத் தையில் பக்கத்து அளங்களிலும் இரண்டு அடி மிதித்து, ஒரு அடி இழுத்து, சுற்றுக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுகிறார்கள். கலியமூர்த்தி அளத்தில் இப்போதும் விருத்தாம்பாள்தான் முதல் ஆள். சில நாள் அவளுக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை நண்டுகள் எழுந்திருப்பதில்லை, வரிசையும் எழுந்திருப்பதில்லை. கலியமூர்த்தி வரப்பில் குடையோடு காத்துக்கொண்டிருப்பார்.