எத்தனை சுற்று பிளாஸ்திரி

பாட்டுப் பதிகிற டேப் மெஷினில் பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற தம்பிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. மோட்டார் சக்கரத்தில் எதையாவது சுற்றிவிட்டால் பெல்ட் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்துப் பட்டறையில் ஒட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்திருந்த அக்கா, கோட்டுப் பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரிச் சுருளை எடுத்தாள்.

"தள்ளுடா. கட்டுப் போடுறது என் வேலை."

அவளே சுற்றினாள். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மெஷின் ஓடியது.

பட்டறையின் மாடிப்படியில், மூன்றாவது படியில் அக்கா உட்கார்ந்து பாடினாள். கீழ்ப்படியில் தம்பி கிடார் வாசித்தான். பெயின்ட் டப்பாக்களைத் தட்டியே பழகியதால் 'தகரம்' என்று பேர் வாங்கிய சிநேகிதன் டிரம்ஸ் அடித்தான். படியையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டதால் குழுவுக்கு 'மிதக்கும் மாடிப்படி' என்று பெயர். 'கூரை மேலே ஒரு குளம்' என்கிற அந்தப் பாட்டு அக்கா எழுதியது. அவளுக்கு மெல்லிய குரல். புதுத் துணியில் ஊசி ஓடுவதுபோல் கொஞ்சம் அவசரம் காட்டும். பதிந்த பாட்டை அதே மெஷினில் போட்டுக் கேட்டபோது, பாட்டு அவளைப் போலவே இருந்தது.

டேப் வானொலி நிலையத்துக்குப் போனது. பத்து நாள் கழித்து, ஒரு மாலையில், மூவரும் பட்டறை ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வந்தது அவர்கள் பாட்டுத்தான். ஆனால் கிடார் தண்ணீருக்கடியில் வாசித்ததுபோல் குழைந்தது. டிரம்ஸ் தூக்கக் கலக்கத்தில் நடந்தது. அக்காவின் குரல் இருந்த இடத்தில் கனத்த, ஆழமான, யாரோ ஒருத்தியின் குரல்.

"யாருடா இவ?" என்றாள் அக்கா.

தம்பிக்கு விளங்கிவிட்டது. பிளாஸ்திரி சுற்றியதில் சக்கரம் பருத்திருக்கிறது; பதியும்போது மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. நிலையத்து மெஷின் ஒழுங்கான வேகத்தில் ஓடவும் எல்லாம் மெதுவாகி, கீழே இறங்கிவிட்டது. போன் செய்து சொல்லிவிடலாமென்று அவன் எழுந்தான். அதற்குள் அறிவிப்பாளர், நேயர்கள் மறுபடி கேட்கிறார்கள் என்று இரண்டாம் தடவை போட்டார். இது மயக்கத்தில் மிதக்கவைக்கும் அசல் சைக்கடெலிக் பாப் என்றும் சொன்னார்.

"சைக்கிளா? நம்மகிட்ட சைக்கிள் ஏதுடா?" என்றான் தகரம்.

அக்கா சிரித்த சிரிப்பில் படியே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் தம்பி போன் விஷயத்தை விட்டுவிட்டான்.

அந்த மாதமே அழைப்புகள் வரத் தொடங்கின. முதல் மேடைக்குக் கிடாரைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார்கள், தாளத்தைத் தாமதமாக்கினார்கள். தொண்டையைத் தளர்த்த திருகாணி இல்லை. அக்கா பாடி முடித்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "பாப்பா நல்லாத்தான் பாடுது. ஆனா ரேடியோவுல பாடினவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார்.

"என் பாட்டுக்கு நானே டூப்பாம்டா!" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். வார்டு வேலைக்கு நடுவே கீழ்க்குரலில் பாடிப் பழகினாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். நோயாளிகள் அவளுக்கு இருமல் மாத்திரை சிபாரிசு செய்யும் அளவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

பெரிய அரங்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது, தகரம் ஒரு டீச்சரைக் கூட்டிவந்தான். அவள் வாயைத் திறந்ததும் ரேடியோவில் கேட்ட அதே குரல் வந்தது. அக்கா, தம்பியை மட்டும் பார்த்தாள்.

"நீ என்னடா சொல்ற?"

உன் குரல்தான்கா பாட்டு என்று அவன் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவள் நின்றாள்.

"இந்த ஒரு தடவைக்கு மட்டும் பாப்போமேக்கா."

"சரிடா" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். "டீச்சரம்மா, ரெண்டாவது சரணத்துல 'படி'ங்கிற இடத்துல மூச்சு வாங்கிக்குங்க. இல்லன்னா திணறும்."

ஒரு தடவை இரண்டானது, ஊர் ஊராக நாற்பதானது. இசைத்தட்டு வந்தது. அட்டையில் டீச்சர் படம்; பாடலாசிரியர் என்ற இடத்தில் சின்ன எழுத்தில் அக்கா பெயர். அக்கா அதைப் பார்த்து, "அச்சு நல்லா வந்திருக்கு" என்றாள். அப்புறம் வீட்டில்கூட அவள் ஒரு பாட்டு முணுமுணுத்து யாரும் கேட்கவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில், தம்பி பழைய டேப்பைத் தேடி எடுத்தான். அக்காவின் குரல் வேண்டும்போல் இருந்தது. மெஷினில் போட்டான். வந்தது டீச்சர் குரல் மாதிரியான குரல். அப்போதுதான் உறைத்தது: இசைத்தட்டு வேலைக்காக மெஷினைச் சர்வீஸ் செய்தபோது, அந்த பிளாஸ்திரியைச் சுரண்டி எறிந்து, பெல்ட்டையும் மாற்றியவன் அவனேதான்.

மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கிவந்தான். ஒரு சுற்று சுற்றினான். குரல் கனமாகவே இருந்தது. மூன்று சுற்றினான், யாரோ சிறுமி பாடினாள். இரண்டு, இரண்டரை. எல்லாமே அக்கா மாதிரி இருந்தது, எதுவும் அக்காவாக இல்லை. மத்தியானம்வரை கிழிப்பதும் ஒட்டுவதுமாக இருந்துவிட்டுப் போன் செய்தான்.

"அக்கா, அன்னைக்கு எத்தனை சுத்து சுத்தின?"

"எதைடா?"

"பிளாஸ்திரியை. மெஷின்ல."

அந்தப் பக்கம் டிராலி உருளும் சத்தம் கேட்டது.

"அதை யாருடா எண்ணினா? வழுக்காம நின்னா போதும்னு சுத்தினேன்."

"ஒரு வரி பாடேன்க்கா. அதை வச்சு வேகத்தைச் சரி பண்ணிக்கிறேன்."

"டியூட்டில இருக்கேன்டா" என்றாள். குரல் கரகரத்தது. "அதுவுமில்லாம, இப்ப பாடினா அந்தக் குரல் வராது. கீழ கீழன்னு இழுத்து இழுத்து அது எப்பவோ போயிடுச்சு. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா" என்று பொய் சொன்னான்.

போனை வைத்தான். விரல்களெல்லாம் பிளாஸ்திரிப் பசை. நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, இன்னொரு கால் சுற்றுச் சேர்த்து, மெஷினைப் போட்டான்.