ஒரு டோக்கன், நாற்பது பெண்கள்

சுகப்பிரியாவின் வலைப்பூவுக்கு ஒரு நாளில் பத்துப் பேர் வந்தால் அது திருவிழா. அந்தப் பத்தில் ஆறு முறை வந்தது அவளேதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மண்ணூரில் ஏழு பெண்களோடு ஒரு வாடகை அறை. வாரம் முழுக்க நோட்டில் எழுதுவதை ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றுவாள். சொந்தப் பெயர் கிடையாது. 'லைன்காரி' என்று மட்டும் போட்டுக்கொள்வாள்.

அதே கம்பெனியில் ரகுபதி குவாலிட்டி சூப்பர்வைசர். வலைப்பூ உலகத்தில் அவன் 'கவிஞர் ரகுபதி'. பட்டத்தை வழங்கியதும் அவனே. அவன் பக்கத்துக்குத் தினம் ஐந்நூறு பேர் வந்தார்கள். தான் எழுதுவதைச் சொல்லி அவனிடம் போய் யோசனை கேட்டதுதான் சுகப்பிரியா செய்த தப்பு.

"இது இன்னாம்மா பெரிய வித்தை? நாலு பேரு பதிவாண்ட போயி 'அருமை'ன்னு போடு. அவனும் உன்னாண்ட வந்து போடுவான். படிச்சிக்கினு ஒக்காராத, டைம் வேஸ்ட்டு. அப்பறம் தலைப்பு. தலைப்புல ஒரு நடிகை இருக்கணும், இல்லன்னா ஒரு சண்டை இருக்கணும்."

"உள்ள என்னண்ணே இருக்கணும்?"

ரகுபதி யோசித்தான். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலும்.

"உள்ளயா? உள்ள எதுனா போடு."

இரண்டு வாரம் அப்படியே செய்து பார்த்தாள். நாற்பது இடங்களில் 'அருமை' எழுதினாள். அவர்களும் வந்து எழுதினார்கள். சந்தேகம் தட்டவே, ஒரே பத்தியை மூன்று தடவை ஒட்டி ஒரு பதிவு போட்டாள். அதற்கும் ஒன்பது 'அருமை' வந்தது. முதல் ஆள் ரகுபதி. கல்யாணத்தில் மொய் எழுத வருகிறவன்கூட சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவான். இவர்கள் இலையையே பார்ப்பதில்லை. அன்றோடு அந்த வேலையைத் தலைமுழுகினாள்.

அந்த வாரம்தான் அதே அறையில் இருக்கும் தங்கமாரிக்கு அது நடந்தது. அவர்கள் லைனில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு மஞ்சள் டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டியவள் மட்டும் கழிப்பறைக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் லைன் லீடர் டோக்கனைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். தங்கமாரிக்கு மாதவிலக்கு. நாற்பது நிமிடம் கேட்டுக் கேட்டு நின்றாள். லைன் நிற்கவில்லை; அவள் கையும் நிற்கவில்லை. கடைசியில் யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. அறைக்கு வந்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

"எழுதட்டுமாக்கா?" என்று கேட்டாள் சுகப்பிரியா.

"எம் பேரப் போடாத. மத்தது எல்லாத்தையும் எழுது," என்றாள் தங்கமாரி சுவரைப் பார்த்தபடி.

யார் எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள், டோக்கன் எங்கே இருந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதினாள். தலைப்பு: 'ஒரு டோக்கன், நாற்பது பெண்கள்'.

"தலைப்பு செத்துக் கெடக்குதும்மா," என்றான் ரகுபதி. "'அந்த அறைக்குள் நடந்தது என்ன'ன்னு போடு. பிச்சிக்கும்."

"ஒரு மனுசி அழுதுக்கிட்டு நின்னத வச்சு ஆள் சேக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதை எட்டுப் பேர் படித்தார்கள். ஒன்பதாவதாகப் படித்தவர் மனிதவள அதிகாரி கோபிநாத். படித்த சூட்டில் அவர் ஒரு காரியம் செய்தார். 'கீழ்க்கண்ட இணையப் பக்கத்தை ஊழியர்கள் எவரும் பார்க்கக் கூடாது' என்று நோட்டீஸ் அடித்து, முகவரியை ஒரு புள்ளி விடாமல் கொட்டை எழுத்தில் போட்டு, கேண்டீன் வாசலில் ஒட்டினார். மூன்று ஷிஃப்ட் ஆட்களும் சோற்றுக்கு வரிசையில் நின்றபடி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்கள். படித்த புத்திசாலி என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா திறந்து பார்த்தபோது மூவாயிரத்துச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். 'எங்க கம்பெனியில டோக்கன் இல்ல, ரிஜிஸ்டர்ல கையெழுத்து' என்று ஒரகடத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். 'எங்களுக்கு ஆறு நிமிசம், ஏழானா மெமோ' என்று இன்னொருத்தி. சுகப்பிரியா ஒவ்வொன்றாகப் படித்தாள். கண் கலங்கியது.

ரகுபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே 'லைன்காரியை உருவாக்கியவன் நான்' என்று, கன்னத்தில் கை வைத்த தன் படத்தோடு ஒரு பதிவு போட்டான். கோபிநாத் அதையும் படித்தார். புதன்கிழமை அவனைக் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த கவிஞர், அன்று மாலையே பதிவை அழித்தார்.

அடுத்து சுகப்பிரியாவுக்கு அழைப்பு.

"இன்னிக்கே அதை எடுத்துடும்மா. எடுத்தா வேலை இருக்கும்."

"அதுல பொய் ஏதும் இருக்கா சார்?"

"பொய்யா உண்மையான்னு நான் கேக்கல."

"அப்ப எடுக்க மாட்டேன் சார்."

மாதக் கடைசியில் கம்பெனி அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே வாரம் எல்லா லைனிலும் டோக்கன் சத்தமில்லாமல் காணாமல் போனது. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு மாலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றவளிடம் ரகுபதி வந்தான்.

"கோச்சிக்காதம்மா. எனக்கும் குடும்பம் கீது. கூப்ட்டு வச்சிக் கேட்டாங்க, இன்னா பண்றது? பேரச் சொல்லிட்டேன்."

"பேர மட்டும்தான் கேட்டாகளாம். ரூம் அட்ரஸையும், அதுல வர்ற பொண்ணு கூட இருக்கிற தங்கமாரிதாங்கிறதையும் நீங்களாத்தான் சொன்னீகளாம். கோபிநாத் சாரே சொன்னாரு."

ஆட்டோ வந்தது. சுகப்பிரியா ஏறி உட்கார்ந்தாள். உள்ளே இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அவனும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஏறவில்லை.