இடது பக்கப் படிக்கட்டு

படம் அழகாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை நேர்காணல். பதினான்கு வருடமாக அந்த நிறுவனத்தில் இருப்பவள், முதல் தடவையாகப் பிரிவுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். இதுவரை செய்ததில் சிறந்த வேலை என்று ஒன்றைக் காட்டி அரை மணி நேரம் பேச வேண்டும். எதைக் காட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. தரைக்குக் கீழே இருக்கும் பேருந்து நிலையத்தைத்தான் எடுத்தாள்.

காற்று, தண்ணீர், புகை, ஓடுகிற எதுவானாலும் எந்த வழியாக எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டாள். காற்று சம்பந்தப்பட்ட வேலை என்று ஒரு தடவை வாய்விட்டதற்கு, வீட்டு ஏசி தண்ணீர் சொட்டுகிறது, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ என்று நாத்தனார் இன்றைக்கும் கூப்பிடுகிறாள். கூடப் படித்தவர்கள் விமானம், கார், காற்றாலை என்று போனார்கள். அவளும் விமான இறக்கையில்தான் தொடங்கினாள். மகள் பிறந்து இரண்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பியபோது அவளுடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எங்கே போகும் என்று பார்க்கிற பிரிவில் மட்டும் ஓர் இடம் காலி. அங்கே போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆபீஸில் சின்னவர்கள் அவளைப் புகையக்கா என்பார்கள். முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் என்னவோ கோபமாக இருக்கிறார்கள் என்று தோன்றும்.

பேருந்து நிலையம் ஏழு வருடத்துக்கு முந்தைய வேலை. நீளமான மண்டபம். நடுவில் பேருந்துகள் வந்து நிற்கும். இடது கோடியில் ஒரு படிக்கட்டு, வலது கோடியில் ஒரு படிக்கட்டு. நடுவில் நிற்கும் பேருந்தின் எஞ்சினில் தீப்பிடித்தால், கூரை விசிறிகள் புகையை வெளியே இழுத்துத் தள்ளுமா, கடைசி ஆள் படியேறும் வரைக்கும் கண்ணுக்கு வழி தெரியுமா? தெரியும் என்று அவள் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டாள். அதை நம்பிக் கட்டினார்கள். தினமும் காலையில் அவளே அந்த மண்டபத்தில்தான் இறங்குகிறாள். தலைக்கு மேலே சுற்றும் விசிறிகளைப் பார்க்கும்போது, தான் பெற்றவை என்பது போல ஒரு நினைப்பு வரும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அப்போது அவள் கணக்கிட்டது பாதி மண்டபத்தைத்தான். அது ஏமாற்று இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. கட்டடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தியது போல வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிடலாம், மறுபக்கமும் அதேதான். கம்ப்யூட்டருக்குப் பாதி வேலை. அவளுக்கு இதைப் பழக்கியவர், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் பிரிவுத் தலைவர். 'பாதி போதும்' என்பது அவருடைய தாரக மந்திரம். டீ கூடப் பாதிக் கோப்பைதான் குடிப்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் பாதி சார்.

மண்டபத்தின் வலது கோடியில் மட்டும் ஒரு லிஃப்ட் கூண்டு இருந்தது. இடது பக்கத்தில் இல்லை. ஒரு லிஃப்ட்தானே, அதற்காக முழுசையும் போடுவானேன் என்றார் பாதி சார். அவளுக்கும் சரியென்றே பட்டது. 'கட்டடம் இருபுறமும் சமம் எனக் கொள்ளப்பட்டது' என்று ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள்.

இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பெரிதாகிவிட்டன. கண்ணாடி வைத்து ஒட்டிய படத்தைவிட முழு மண்டபத்தின் படம் திரையில் கம்பீரமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழு மண்டபத்தையும், அலங்காரத்துக்கு அந்த லிஃப்ட் கூண்டையும் சேர்த்து ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை காலையில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் படத்தைத் திறந்தாள்.

புகை இடது பக்கம் சாய்ந்திருந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. தீயிலிருந்து நேராக எழுந்து, கூரையைத் தொட்டு, சொல்லிவைத்தது போல அத்தனையும் இடது பக்கம் திரும்பி, அந்தக் கோடியில் கவிழ்ந்து இறங்கியிருந்தது. வலது பக்கத்து விசிறிகள் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றின. நான்காவது நிமிடத்தில் இடது படிக்கட்டு காணாமல் போனது. கடைசி ஆள் ஏறி முடிக்க ஏழு நிமிடம் வேண்டும்.

நடுவில் கண்ணாடியை நிறுத்திவிட்டால் புகைக்கு அதைத் தாண்டிப் போக வழியில்லை. வேறு கதியில்லாமல் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துதான் ஆகவேண்டும். கண்ணாடியை எடுத்துவிட்டால் எறும்பளவு காரணம் போதும், ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இங்கே காரணம் அந்த லிஃப்ட் கூண்டு. இது அவளுக்குத் தெரியாததா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள், கண்ணாடி வைக்கிற இடத்தில் ஜாக்கிரதை என்று.

தீயை இரண்டடி தள்ளி வைத்து ஒரு தடவை, கணக்குக்காக மண்டபத்தைப் பிரித்த கட்டங்களை இன்னும் பொடியாக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எப்படி ஓட்டினாலும் இடது பக்கமே சாய்ந்தது. சாயங்காலம் ஆனபோது, எப்படியாவது படம் தப்பென்று தெரிந்துவிடாதா என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் உழைத்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

கணவருக்கு மருந்துக்கடை. சாப்பிடும்போது சொன்னாள். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கட்டி ஐந்து வருடத்தில் அங்கே எத்தனை தடவை தீப்பிடித்தது என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிடிக்குமா?

"பிடிக்காதுன்னு எப்படிச் சொல்றது?"

"பிடிக்கும்னும் சொல்ல முடியாதுல்ல. நேர்காணல் முடியட்டும். திங்கட்கிழமை சொல்லு. தலைவரா இருந்து சொன்னா நாலு பேர் கேப்பாங்க. இப்பச் சொன்னா உன்னைத்தான் கேப்பாங்க."

நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வருடம் முன்பு, ஒரு பெரியவருக்கு வீரியம் கூடிய மாத்திரையைத் தவறிக் கொடுத்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டு கேட் நீலம் என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு மழையில் தெருத்தெருவாக ஓடியவர் இவர். நனைந்த சட்டையோடு வந்து அந்த மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். தன் தப்புக்கு ஓடிய மனிதர் அவள் தப்புக்கு உட்காரச் சொல்கிறார். அதை ஞாபகப்படுத்தலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் சொன்னது அவள் கேட்க விரும்பிய வார்த்தை. அதைக் கலைக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை பேருந்தைவிட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தவள், பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தாள், கால்கள் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஆபீஸ் இடது படிக்கட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஐந்து வருடமாக அந்தப் படியில்தான் ஏறுகிறாள். இன்றைக்குக் கால்கள் அவளைக் கேட்காமலே முடிவு செய்திருந்தன. திரும்பிப் பார்த்தாள். இடது கோடியில் ஜனம் அடைசலாக ஏறிக்கொண்டிருந்தது. தோளில் சாய்ந்த குழந்தை, தலைக்கு மேலே தூக்கிய பெட்டி, ஒரு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கும் பருமனான மனிதர். திரும்பி அவர்களோடு போய் ஏறிவிடலாம். அது யாருக்கு என்ன உபகாரம்? வலது பக்கமே ஏறி, தெருவைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். காலையில் குளித்ததே வீண் என்பது போல உடம்பு கூசியது.

அன்று முழுக்க நேர்காணலுக்குத் தயார் செய்தாள். பழைய படம், கண்ணாடி வைத்து ஒட்டியது, திரையில் காட்டப்போகும் எட்டாம் பக்கத்தில் இருந்தது. புதிய படம் வேறொரு கோப்பில் தனியாகக் கிடந்தது. போட்டியில் இருக்கும் இன்னொருவர், பந்தயக் கார் கம்பெனியிலிருந்து வந்ததால் ரேஸ் கார் என்று பெயர் வாங்கியவர், அவள் மேஜை பக்கம் வந்து, "என்ன புகையக்கா, நாளைக்கு எங்களையெல்லாம் ஊதித் தள்ளிடுவீங்க போல" என்றார். சிரித்தாள். நன்றாகவே சிரிக்க வந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நான்கு மணிக்கு மகள் போன் செய்தாள். வியாழக்கிழமைகளில் பள்ளி முடிந்து நீச்சல் பயிற்சிக்குப் போவாள். பேருந்து நிலையத்தில் இறங்கி இடது பக்கம் மேலே ஏறினால் நீச்சல்குளம். அம்மாவின் ஆபீஸும் அங்கேயே என்பதால் வந்ததும் ஒரு போன் வரும். துண்டை மறந்துவிட்டேன், கீழே வந்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். பின்னால் தோழிகளின் கும்மாளம் கேட்டது.

"எங்கே நிக்கிற?"

"கீழே, பஸ் ஸ்டாண்டுல. படி ஏறப் போறோம்."

"வலது பக்கப் படியில ஏறி வா."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"அது சுத்தும்மா. ஏன்?"

"சொன்னாக் கேளு."

மகள் உச்சுக்கொட்டினாள். பிறகு, குறும்பு ஏதுமில்லாமல், வழி கேட்பது போலக் கேட்டாள்.

"நான் மட்டும் சுத்தி வரணுமா, இல்ல இவளுங்களும் வரணுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எல்லோரும் என்றால் மண்டபத்தில் நிற்கிற மற்றவர்கள்? நீ மட்டும் என்றால்? இணைப்பு விட்டுவிட்டது என்று நினைத்து மகளே ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் நேராகப் பாதி சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரிப்போர்ட்டைச் சரிபார்த்த இடத்தில் இருப்பது அவர் கையெழுத்து. அவருக்குத் தெரியாமல் சொல்வது தர்மமில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் புதிய படத்தை நகர்த்தி நகர்த்தி, முதலிலிருந்து கடைசி நிமிடம் வரை மூன்று தடவை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டங்களைப் பொடியாக்கிப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"தீயை நகர்த்தி?"

"நகர்த்தியும் பார்த்தேன்."

மேஜைமேல் பாதிக் கோப்பை டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷத்துல எத்தனை பாதி போட்டிருப்பேன்னு நினைக்கிறே? ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், சுரங்கப்பாதை... ஒண்ணத் திறந்தா எல்லாத்தையும் திறக்கணும்மா."

தடுப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். பேச்சோடு பேச்சாக அவர் விரல்கள் மேஜை விளிம்பில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. இந்த மனிதரை வெறுத்துவிட முடிந்தால் நாளைய காரியம் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். முடியவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது, அந்த லிஃப்டை விட்டுவிடச் சொன்னது நான்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். நானும் சரியென்றுதானே எழுதினேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, எட்டாம் பக்கத்தில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாள். எதிரில் நிறுவனத்தின் இயக்குநர், ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மா, ஓரத்தில் பாதி சார். இடது புறத்தில் இருப்பது நான் சொன்னது, வலது புறத்தில் இருப்பது நடக்கப்போவது என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் பேசினாள். நல்ல மனசு, துணிச்சல் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லவில்லை என்றானதும்தான் எதிர்பார்த்திருந்தது தெரிந்தது. இயக்குநர் தன் நோட்டில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமை காலையில."

"இன்னிக்கு வெள்ளி" என்றார் அவர்.

அவ்வளவுதான். அன்று மத்தியானமே நிலையத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் கடிதம் போயிற்று. மறுநாள் காலை இடது படிக்கட்டை இரும்புத் தடுப்பு வைத்து மூடினார்கள். விசிறிகளை மாற்றும் வரை நடுவில் பேருந்து நிற்கக்கூடாது என்றார்கள். பதவி ரேஸ் காருக்குப் போனது. விசாரணை முடியும்வரை எந்த ரிப்போர்ட்டிலும் அவள் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஒரு தாள் வந்தது. அதே தாளில் அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். பாதி சார் காலத்துப் பாதிகள் எல்லாவற்றையும் முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அவர் தினமும் காலையில் வந்து, பழைய கோப்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேரும் சேர்ந்தே திறக்கிறார்கள். இதுவரை ஒன்பது நேராக நின்றன. ஒன்று சாய்ந்தது.

படிக்கட்டை மூடிய பிறகு வந்த முதல் வியாழக்கிழமை மகளோடு சேர்ந்தே வந்தாள். மண்டபத்துக் கூட்டம் மொத்தமும் வலது படிக்கட்டில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையிலும் பை வைத்திருந்த ஒரு பெண்மணி, "எவனோ ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு மூடுன்னு எழுதிட்டான். அவனை இந்தப் பையோட ஏறச் சொல்லணும்" என்று பொதுவாகச் சொன்னாள். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். அவள் ஒரு பையை வாங்கிக்கொண்டாள். பெண்மணி நன்றி சொல்லிவிட்டு, திட்டுவதைத் தொடர்ந்தாள்.

பாதிப் படி ஏறியதும் மகள் பக்கத்தில் நெருங்கி வந்தாள். ஒரு வாரமாக வீட்டில் நடந்த பேச்சைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

"அன்னிக்கு நீ போன்ல சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் மட்டும்தாம்மா சுத்தி வந்தேன்" என்றாள் மகள். "அவளுங்க அந்தப் பக்கமே ஏறிட்டாங்க. எனக்காக மேலே ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தாங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள். முன்னால் இருந்த முதுகுகள் ஒரு படி நகர்ந்தன. அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு படி ஏறினாள்.