எங்கள் ஊர் பற்றிப் பத்து வரிகள்

1942 மே மாதம் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி. இடம் சங்ககிரியில் அருணகிரியின் நூல் கிடங்கு. இருந்தவர்கள் நான்கு பேர். வாசலைப் பார்த்தபடி, கோபே என்று முத்திரை குத்திய காலி மரப்பெட்டியின்மேல் ஆசிரியர் கந்தப்பன். அவருக்கு வலப்பக்கம், அங்கிருந்த ஒரே நாற்காலியில் அருணகிரி. இடப்பக்கம் நூல் மூட்டையின்மேல் அத்தாயி. தாலுக்கா கச்சேரிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவள். எல்லோருக்கும் எதிரே தரையில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான். என் பெயர் அர்த்தநாரி. கச்சேரி வாசலில் மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பது தொழில். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் குறித்துவிடுவது அந்தத் தொழிலில் வந்த பழக்கம். வக்கீல்கள் கடைசியில் அதைத்தான் கேட்பார்கள்.

நாங்கள் ஜப்பான் மொழி படித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தைய மாதம் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. சென்னைப் பட்டணத்து ஜனங்கள் பானை சட்டியோடு ரயில் ஏறி இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒரு பட்டணத்து உறவு வந்து தங்கியிருந்தது. இன்னும் பத்தே நாளில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று அவர்கள் சொன்னதை ஊரும் சொல்ல ஆரம்பித்தது. அப்போதுதான் அருணகிரிக்கு யோசனை வந்தது. அவர் ஜப்பான் பட்டு நூல் வாங்கி இளம்பிள்ளைத் தறிகளுக்கு விற்றவர். சண்டை வந்து நூல் நின்றுபோயிற்று. வருகிறவனோடு அவன் பேச்சிலேயே பேசினால் வியாபாரம் தன் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டார்.

கந்தப்பன் ஜப்பானில் கோபே என்ற துறைமுக ஊரில் ஒரு இந்திய வியாபாரியின் வீட்டில் பதினோரு வருஷம் சமையற்காரராக இருந்தவர். சண்டைக்குச் சற்று முன் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் திரும்பி வந்து, கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

அத்தாயி எதற்கு வருகிறாள் என்று முதல் நாளே அருணகிரி கேட்டார்.

"எந்தப் பட்டாளம் வந்தாலும் பசிக்குமுங்களே. ‘ஒரு இட்லி போதுமா, இன்னொண்ணு வெக்கட்டுமா’ன்னு கேக்கத் தெரிஞ்சாப் போதுமுங்க எனக்கு."

"உன் இட்லியைத் தின்னா அவனே சரண்டர் ஆயிருவான்," என்றார் அருணகிரி.

"உங்க நூலைக் கட்டுனா அதுக்கு முந்தியே ஆயிருவானுங்க."

நான் போனதற்கு அப்படிப்பட்ட காரணம் ஏதுமில்லை. நாமக்கல்லில் மூன்றாம் பாரம் வரை படித்தவன். பதினாறு வருஷமாகப் பிறர் வழக்கையும் பிறர் வயிற்றுவலியையும் எழுதிவந்தவன். புதிய எழுத்தென்றால் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்திலேயே அந்த ஆசை வேறு மாதிரி ஆகிவிட்டது. மலைக்கு யாமா, தண்ணீருக்கு மிஸு, ரயில் நிலையத்துக்கு எக்கி. வாக்கியத்தின் கடைசியில் நம்மைப் போலவே வினையை வைக்கிறார்கள். கந்தப்பன் விளக்குப் புகையைக் குழைத்து மை செய்து, மூங்கில் நுனியில் மயிர் கட்டித் தூரிகை செய்து கொடுத்தார். சோற்றின் முன் கைகூப்பி ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் அங்கே சாப்பிடுவார்களாம். தொட்டியில் இறங்குவதற்கு முன்பே வெளியில் நின்று உடம்பைத் தேய்த்துக் கழுவிவிடுவார்களாம். எதையும் இரண்டு கையாலும்தான் நீட்டுவார்களாம். ஒருநாள் சொன்னார்: சீனாச் சண்டைக்குப் போகும் பிள்ளைக்காகத் தாய் தெருமுனையில் ஒரு துணியோடு நிற்பாள், போகிற வருகிற பெண்கள் ஆளுக்கொரு தையல் போடுவார்கள், ஆயிரம் தையல் சேர்ந்தால் அதை இடுப்பில் கட்டி அனுப்புவாள். அத்தாயி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பறம் அந்தப் பசங்க திரும்பி வந்தாங்களா சாமி?"

"வெள்ளைத் துணியில சுத்துன சின்னப் பொட்டியில வந்தாங்க. நானே ரயிலடியில பாத்தேனுங்க," என்றார் கந்தப்பன்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அவர்கள் கடிதம் எழுதும் முறை. எடுத்த எடுப்பில் காரியத்துக்கு வரமாட்டார்கள். முதல் வரியில் பருவத்தைச் சொல்லவேண்டும். என்ன பூக்கிறது, எது உதிர்கிறது, குளிரா, மழையா என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மே மூன்றாம் தேதி அவர் எங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். எங்கள் ஊர் பற்றிப் பத்து வரிகள். அருணகிரி ஐந்து வரி எழுதினார், ஐந்திலும் நூல்தான். அத்தாயிக்கு எழுதத் தெரியாது, வாயால் சொன்னாள். நான் இருபத்து மூன்று வரிகள் எழுதினேன். ‘வேப்பம்பூ உதிரும் காலம்’ என்று தொடங்கினேன். ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரம் எவ்வளவு தூரம். கோட்டையின் முதல் வாசலுக்கு எத்தனை படிகள். மேலே எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். சேலம் வண்டி எத்தனை மணிக்கு, ஈரோட்டு வண்டி எத்தனை மணிக்கு. காவிரிப் பாலம் வண்டியில் எவ்வளவு நேரம். படிகளை நானே ஏறி எண்ணினேன். தப்பாக எழுதக்கூடாது என்ற எண்ணம் தவிர வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

அடுத்த வகுப்பில் கந்தப்பன் அதைப் படித்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதை நான் வெச்சுக்கறனுங்க. கோபேல இருந்தாப் பள்ளிக்கூடச் சொவத்துல ஒட்டுவாங்க."

எனக்கு நாற்பத்தொரு வயது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது சிறு பிள்ளைபோல் மகிழ்ச்சியாக இருந்தது.

ஜப்பான்காரன் வரவில்லை. ஜூலையில் பட்டணத்து ஜனங்கள் திரும்பிப் போனார்கள். அருணகிரி வகுப்பை நிறுத்தினார். யார் யார் வந்தோம் என்று எவரும் எங்கும் சொல்லக்கூடாது என்று கோட்டை மாரியம்மன் பேரில் எங்களிடம் சத்தியம் வாங்கினார். ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்திலும் தந்திக் கம்பியை யாரோ அறுத்தார்கள். போலீசார் வெளிநாடு போய்வந்தவர்களின் வீடுகளைச் சோதித்தார்கள். பதினேழாம் தேதி கந்தப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெட்டியில் அன்னிய எழுத்தில் ஒரு தாள் இருந்ததாம். எந்தத் தாள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பர் பதினான்காம் தேதி இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய எழுத்தர் காய்ச்சலில் படுத்திருந்தார். மேஜைமேல் தட்டச்சு செய்த ஆங்கிலத் தாள் ஒன்று கிடந்தது.

"பட்டணத்திலிருந்து மொழிபெயர்ப்பு வந்திருக்கு. தமிழில் சுத்தமா எழுது. அந்த ஆளுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கணும். வெளியே மூச்சு விட்டா நீயும் உள்ளே போவே."

உட்கார்ந்து முதல் வரியைப் பார்த்தேன். வேப்பம்பூ உதிரும் காலம் என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: இது தாக்குதலுக்கான காலத்தைக் குறிக்கும் சங்கேதமாக இருக்கலாம்.

நான் எழுதினேன். என் வரிகள்தான், வேறு வேஷத்தில் வந்திருந்தன. சுனை என்பது படைக்கான குடிநீர் ஆதாரம் ஆகியிருந்தது. வண்டி நேரங்களின் கீழே இரட்டைக் கோடு. முதல் வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு படிகள் என்று ஆங்கிலத்தில் தவறாக இருந்தது. என் கை நானூற்று இருபத்தொன்று என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் ஒத்துப் பார்த்தார். "என்னய்யா, கண் தெரியலையா? நானூற்றுப் பன்னிரண்டு."

"தவறிப் போச்சுங்க."

அடித்துத் திருத்தினேன். தவறான எண்ணை என் கையாலேயே எழுதினேன். அவர் தாளை மடித்துக்கொண்டு, "சின்னவங்க வேலையில்லை இது. தேர்ந்த ஒற்றன்," என்றார்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தூரிகையையும் மைக் கிண்ணத்தையும் அடுப்பில் போட்டேன். கிண்ணம் எரியவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் கந்தப்பனின் மனைவி அங்கம்மாள் என் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மனு எழுதவேண்டும் என்றாள்.

"சேலம் செயில்ல போய்ப் பாத்தனுங்கண்ணா. காய்ச்சல். எழுந்து நிக்க முடியல. வலது கையைத் துணியில சுத்தி வெச்சிருக்காரு. என்னன்னு கேட்டா, பாத்திரம் பட்டுருச்சுன்னு சொல்றாரு. செயில்ல இவருக்கு என்னங்கண்ணா பாத்திரம்?"

"வேற என்ன சொன்னார்?"

"யாரு எழுதுனதுன்னு பேரு சொல்லு, விட்டுடறோம்னாங்களாம். ‘நாந்தானுங்க எழுதுனேன், எனக்கு யாரையும் தெரியாது’ன்னு சொல்லிப்போட்டாராம். அவரையே எழுதிக் காட்டச் சொன்னாங்களாம். அதே மாதிரியே எழுதிக் காட்டிட்டாராம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, ஊருல நாலு எழுத்துத் தெரிஞ்சவங்க நீங்கதான். ஊரைப் பத்தி எழுதுனா தூக்கா?"

தூக்கு என்று யார் சொன்னது என்று கேட்டேன். இன்ஸ்பெக்டரே சொன்னார் என்றாள்.

அந்த எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் கையைப் போல எழுதிக் காட்ட அவரால் முடியும். அங்கம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கருணை, குடும்பம், உடல்நலக் குறைவு என்று வழக்கமான சொற்கள். அவள் போன பிறகு பேனாவை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஒன்பது நாள் அருணகிரி கடைப் பக்கம் போவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்தேன். அக்டோபர் இரண்டாம் தேதி உள்ளே போய், தாள் என்னுடையது என்று கலெக்டருக்கு எழுதப் போவதாகச் சொன்னேன்.

அவர் கதவைச் சாத்தினார். "கிறுக்கா உனக்கு? நாலு பொட்டப் புள்ளைக எனக்கு. கடைக்குப் பூட்டுப் போட்டுருவான். சத்தியம் பண்ணிக் குடுத்தியா இல்லையா?"

"சத்தியத்தைக் காப்பாத்தறது அவரு ஒருத்தர்தானுங்க. நாம பயத்தைக் காப்பாத்திட்டு இருக்கோம்."

"பெரிய பேச்சு. ஏனப்பா, வீட்டுப்பாடம்னு சொன்னா எவன் நம்புவான்? எவனாவது நாப்பது வயசுல படியை எண்ணி வீட்டுப்பாடம் எழுதுவானா?"

அவர் சொன்னது சரிதான்.

"உங்க பேரை எழுதமாட்டன். கிடங்கையும் எழுதமாட்டன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

அடுத்த நாள் காலையில் அத்தாயி கடையின் பின்கட்டில், அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து கலெக்டருக்கு எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. தாள் என்னுடையது, பாடமாக எழுதியது, கந்தப்பன் திருத்த வாங்கிவைத்தது என்று தேதிவாரியாக எழுதினேன். பிறகு பழைய கரித்தூளை எண்ணெயில் குழைத்து, விளக்குமாற்றுக் குச்சியின் நுனியை நசுக்கி, அந்த இருபத்து மூன்று வரிகளையும் ஜப்பான் எழுத்தில் மனப்பாடமாக மறுபடி எழுதினேன். இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும். ஆனால் ஒரே மாதிரி எழுத இரண்டு பேரால் முடியும் என்பதும், அதில் ஒருவர் ஏற்கெனவே எழுதிக் காட்டிவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அத்தாயி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எம்பேரையும் போடு சாமி."

"வேண்டாம். உங்களுக்கு எழுதத் தெரியாது. உங்களை யாரும் தேட மாட்டாங்க."

"நீ எழுதுனதப் பாத்தவ வேற ஆரு இருக்கா? ஒருத்தர் செயில்ல கெடக்காரு, ஒருத்தர் கதவைச் சாத்திட்டாரு. பட்டாளத்துக்குச் சோறு போடப் படிச்சேன்னு எழுது. பொய்யில்லையே."

"கடையை மூடிப் போட்டாங்கன்னா?"

"மூடட்டும். எங்கிட்ட சாப்புட்டுட்டு அவங்களேதான் மறுபடி தொறக்கோணும்." சிரிக்க முயன்றாள், வரவில்லை. கட்டைவிரலை அடுப்புக் கரியில் ஒற்றி என் பெயருக்குக் கீழே அழுத்தினாள். ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

வீட்டுக்குப் போய் மாரியாயிடம் சொன்னேன். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அரைத்துக்கொண்டிருந்த கையை உரலிலிருந்து எடுத்தாள்.

"எத்தனை நாளைக்குத் துணி எடுத்து வெக்கோணுமுங்க?"

"தெரியல."

அவள் எழுந்து போய் இருந்த இரண்டு வேட்டியையும் மடித்தாள். ஒன்று கிழிந்திருந்தது. ஊசியில் நூல் கோத்து வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

தபால் ஆபீஸ் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடும். நான் போனபோது வழியில் அங்கம்மாள் எதிர்ப்பட்டாள். ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு சேலம் வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். கையில் இருந்த உறை என்னவென்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கடிதம் போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இருக்கவேண்டும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

தபால் எழுத்தர் உறையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "கலெக்டருக்கா? என்ன இவ்வளவு கனம்? ஆரு வழக்கு?"

"என்னுதுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெழுகுக் குச்சியை விளக்கில் காட்டினார். மூன்று இடத்தில் சொட்டவிட்டு, முத்திரையை ஒவ்வொன்றிலும் அழுத்தி எடுத்தார். ரசீதைக் கிழித்து என்னிடம் நீட்டிவிட்டு, உறையைச் சேலம் பையில் போட்டு வாயைக் கட்டினார்.