எலிகளுக்கு வைத்த சஹர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பீப்பாயின் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. நான் வேலை பார்க்கும் களஞ்சியம் கத்தாரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பேச ஆளும் இல்லை, வாசிக்க வேறொன்றும் இல்லை. ஆகவே பீப்பாயோடு வந்த பாதுகாப்புத் தாளை வாசித்தேன். பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: "பொருளைக் கொடுக்குமுன் எலிகள் இரவு முழுவதும் பட்டினி போடப்பட்டன."

யார் போட்டது? அந்த ஆள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்? தாளில் இல்லை. பதினொரு பக்கம் எழுதியவர்களுக்கு ஒரு பெயர் எழுத மையில்லாமல் போய்விட்டது.

ஆகவே ஆளை நானே உண்டாக்கினேன். இலங்கையில், புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவியில், உப்பளத்துக்கும் சீமெந்து லொறிகளுக்கும் நடுவே ஓர் ஆய்வுகூடமும் கட்டினேன். அப்படியொன்று அங்கே கிடையாது. தேடிப் போய் வெயிலில் காயாதீர்கள்.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

நளீமுக்குச் சின்ன வயதிலிருந்தே எலிகள் என்றால் — (இல்லை. சின்ன வயதைத் தொட்டால் கதை நாற்பது பக்கம் போகும்.)

உப்புக்காற்று வீசிய அந்தக் காலையில் — (புத்தளத்தில் எந்தக் காலையில் வீசவில்லை?)

நளீம் எலிகளைப் பட்டினி போடுகிற உத்தியோகத்தில் இருந்தார். (இது நிற்கட்டும்.)

ஐம்பத்திரண்டு வயது. வீடு தில்லையடியில். எலி அறைக்குப் பொறுப்பு. பரிசோதனை நடக்கும் நாட்களில் படுக்கையும் அங்கேதான். பரிசோதனையை நடத்துகிறவள் மெலனி, சிலாபத்துப் பிள்ளை, படித்தவள்.

ஒரு திரவம் ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்று உலகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? மூன்று எலிகளுக்குக் கொடுக்கிறது. பதினான்கு நாள் பார்க்கிறது. செத்ததை எண்ணுகிறது. குறிப்பிட்ட ஓர் அளவில் எலிகள் செத்தால் மூன்றாம் வகை: போத்தலில் மண்டையோடு. பிழைத்தால் இன்னும் மூன்று எலிக்கு அதே அளவு. அவையும் பிழைத்து, அதைவிடக் கூடிய அளவில்தான் செத்தால் நான்காம் வகை: மண்டையோட்டுக்குப் பதில் ஓர் ஆச்சரியக்குறி.*

இந்தத் தடவை வந்த திரவம் நீர்ப்பம்பிகளில் உறையும் உப்பைக் கரைப்பது. மதுரங்குளியில் கொட்டில் போட்டு அதைப் போத்தலில் அடைக்கிறவர் ஜபார் ஹாஜியார். அவரே நேரில் வந்தார்.

"தங்கச்சி, மண்டையோட்டப் போட்டு நான் ஆருக்கு விக்கிற?"

"என்ன வருதோ அதத்தான் எழுதுவம் ஹாஜியார்," என்றாள் மெலனி.

"எலிக்குத் தெரியுமா வியாபாரம்? கொஞ்சம் உரமான எலியாப் பாத்து எடுங்களேன்."

"எல்லாம் ஒரே வயசு. நிறுத்துத்தான் எடுக்கிற."

"அப்ப படச்சவனிட்ட துஆ கேக்கிறதத் தவிர வேற வழியில்ல. ஆச்சரியக்குறி எண்டா சரி. அதப் பாத்துப் பயந்த ஆள நான் இன்னம் காணல்ல."

* அதனால்தான் இந்தக் கதை முழுவதும் அந்தக் குறியை நான் பாவிக்கவில்லை. என்னால் முடிந்த பாதுகாப்பு நடவடிக்கை.

3

இந்த இடத்தில் எனக்கு நளீமில் சந்தேகம் வந்தது. வேலை தெரிந்த ஆள் இனி இவர் செய்யப்போவதைச் செய்வாரா? யோசித்து அவருடைய சேவைக்காலத்தை எட்டு மாதமாகக் குறைத்தேன். அதுவரை அவர் பட்டினி போட்ட எலிகளெல்லாம் ரமழானுக்கு வெளியே செத்தவை.

விதி இதுதான்: மாலை ஐந்து மணிக்கு இரையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் இருக்கலாம். காலை ஒன்பது மணிக்குத் திரவம். ஏன் பட்டினி என்று யாரும் நளீமுக்குச் சொல்லவில்லை. விதிகளில் 'ஏன்' எழுதினால் தாள் வீணாகும் அல்லவா.

அது நோன்பு மாதம். விடியுமுன் சாப்பிட்டுவிட்டுத்தான் நோன்பு பிடிக்க வேண்டும். அந்தச் சாப்பாடுதான் சஹர். சஹர் இல்லாமல் ஒருவரையும் நோன்பு பிடிக்க விட்ட வீடல்ல நளீமின் வீடு. சோற்றில் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து வாயில் வைக்கப் போனவர், எதிரே கூட்டுக்குள் மூன்று பேர் வெறும் வாயோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மூன்று சின்ன உருண்டைகள். நோன்பு பிடிக்குமுன் சொல்லும் நிய்யத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மெலனி எலிகளை நிறுத்தாள்.

"நளீம் நானா, பட்டினி கிடந்தா நிறை குறையத்தானே வேணும். இது நேத்தையவிட ரெண்டு கிராம் கூட."

"ரமழான் மிஸ். எங்கட வீட்டுலயும் எல்லாருக்கும் கூடித்தான்."

மெலனி சிரித்துவிட்டாள். பிறகு தராசைப் பார்த்தாள். உப்புக்காற்று இரும்பையே தின்கிற ஊரில் தராசைச் சந்தேகிப்பது சுலபம். மனிதரைச் சந்தேகிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். குறித்துக்கொண்டு திரவத்தைக் கொடுத்தாள். மூன்றும் பிழைத்தன. அடுத்த மூன்றும் சஹர் சாப்பிட்டுப் பிழைத்தன. கூடிய அளவு குடித்த கடைசி மூன்றுக்கு நளீமின் தயிர்ச்சோறும் உதவவில்லை.

நான்காம் வகை. அறிக்கையில் இன்னும் ஒப்பம் விழவில்லை. ஆனாலும் ஹாஜியார் பெருநாளுக்கு முன்பே ஆச்சரியக்குறி அச்சடித்து ஒட்டிவிட்டார்.

4

பெருநாள் முடிந்து ஒரு கிழமை. மதுரங்குளிக் கொட்டிலில் பதினொரு பெண்கள். பதினோராவது, நளீமின் மகள் அஸ்னா. (முன்பே சொல்லியிருக்க வேண்டும்தான். சொல்லியிருந்தால் மூன்றாம் பகுதியில் நீங்கள் சிரித்திருக்கமாட்டீர்கள்.) அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள். பின்னேரம் தொலைபேசியில் வந்தாள்.

"வாப்பா, பீப்பா வேலய எனக்குத்தான் தந்திருக்கிற. குழாயில வாய வச்சு ஒரு இழுவ, சர்ரெண்டு வரும். மத்தவங்களுக்கு ரெண்டு மூணு தரம் இழுக்கோணும்."

"வாய்க்குள்ள போகாதா புள்ள?"

"வரக்குள்ள துப்பிருவன். கொஞ்சம் எரியும். கையுற கேட்டம். ஆச்சரியக்குறிக்குக் கையுற என்னத்துக்கு எண்டுட்டார் ஹாஜியார்."

"நோன்போடயா இதச் செய்ற?"

பெருநாளுக்குப் பின் விரும்பியவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பில் அவளுக்கு அது மூன்றாவது.

"விழுங்கினாத்தானே வாப்பா முறியும்."

"சஹருக்கு என்ன சாப்பிட்ட?"

"எழும்பல்ல. நித்திர போயிட்டு. வெறும் வயிறுதான். நாளைக்கும் எழும்ப மாட்டன் போல."

மறுநாள் காலை நளீம் மெலனியிடம் கேட்டார்: "மிஸ், எலியள என்னத்துக்குப் பட்டினி போடுற?"

"வெறும் வயித்துல நஞ்சு கெதியா ஏறும் நானா. சோறு கிடந்தா அது கொஞ்சத்தக் குடிச்சிரும். ஆகக் கூடாத நிலையில என்ன நடக்கும் எண்டு பாக்கத்தானே இவ்வளவும்." தலை நிமிராமல் சொன்னாள். எட்டு மாதம் பிந்தி வந்த ஒரு வசனம். செலவு ஒன்றுமில்லை.

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

நளீம் உண்மையைச் சொல்கிறார். பரிசோதனை திரும்ப நடக்கிறது. மண்டையோடு வந்தால் ஹாஜியார் கொட்டிலைப் பூட்டுவார், பதினொரு பெண்களும் வீட்டில், நளீமும் வீட்டில். நேர்மையைப் பாராட்டி நாம் புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

நளீம் வாயே திறக்கவில்லை. இதை நான் எழுதத் தேவையில்லை. ஏற்கெனவே ஊரெல்லாம் எழுதிப் போத்தல்களில் ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது: மகளை மட்டும் தொலைபேசியில் எடுத்து, "அந்த வேலைய விட்டுட்டு வா" என்கிறார். காரணம் சொல்லவில்லை. அறிக்கைக்கு ஆபத்தில்லை, நளீமின் சம்பளத்துக்கு ஆபத்தில்லை. குழாய் றுஷ்னாவின் வாய்க்குப் போகிறது. அவள் பதினொரு பேரில் இன்னொருத்தி, இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டியவள்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. உங்களுக்கும் என்றால் வெட்கப்படவேண்டாம். நளீமுக்கும் அதுவே பிடித்திருந்தது. காலையில் மூன்று தடவை அழைத்தார். ஆனால் கொட்டில் வாசலில் ஹாஜியார் எல்லோருடைய தொலைபேசியையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடுவார். கூடைக்குள் மணி அடித்துக்கொண்டே (இந்த வசனத்தை விட்டுவிட்டேன்.)

6

அதே காலை மெலனி அறிக்கையின் கடைசித் தாளைத் திருப்பி நளீமின் பக்கம் தள்ளினாள்.

"நானா, இதுல ஒரு ஒப்பம். எலியள் பட்டினி கிடந்தது எண்டு."

நளீம் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"மிஸ், அந்த எலியளுக்கு நான் —"

என்னால் இதற்கு மேல் போக முடியவில்லை. "சஹர் குடுத்தன்" என்றும் இந்த வசனம் முடியும். "ஒண்டும் குடுக்கல்ல" என்றும் முடியும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நல்ல தமிழ்தான். நான் கடல் கடந்து, குளிரூட்டிய களஞ்சியத்தில் இருக்கிறேன். என் வயிறும் நிறைந்திருக்கிறது. என்னை நம்பவேண்டாம். நீங்கள் முடியுங்கள்.

ஒன்று மட்டும். அங்கே இப்போது நேரம் ஒன்பதரை. மதுரங்குளியில் முதல் பீப்பாய் திறப்பது பத்து மணிக்கு.