தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கியத் தாகத்தில் பிறந்ததல்ல. என் அறை பறிபோனதில் பிறந்தது. அக்காவும் அத்தானும் கிட் வீடு கட்டப் புறப்பட்டு, அது முடியும்வரை “கொஞ்ச நாள்தானே” என்று நான் எழுதும் அறைக்குள் பீரோவோடு குடியேறினார்கள். நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். வெங்காயத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வேறென்ன கதை வரும்?

கிட் வீடு தெரியாதவர்களுக்கு: சுவர், கதவு, ஜன்னல், கூரை எல்லாம் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி, எண் போட்டு, லாரியில் வந்து இறங்கும். கூடவே ஒரு செய்முறைப் புத்தகம். நாம் தரையில் கான்கிரீட் போட்டு, அதில் போல்ட்களை நட்டு, சுவர்களை நிமிர்த்தி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2

முதல் தொடக்கம்: “பொழுது புலர்ந்தபோது லாரி வந்தது. அதன் முதுகில் ஒரு வீடு உறங்கிக்கொண்டு—”

(வேண்டாம். லாரி வந்தது மத்தியானம். வந்ததும் டிரைவர் சாப்பிடப் போய்விட்டார்.)

இரண்டாம் தொடக்கம்: “வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம்—”

(இதுவும் வேண்டாம். வீடு கட்டும் கதையை இந்தப் பழமொழியில் தொடங்காதவனுக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.)

அத்தானிலிருந்து தொடங்குகிறேன். லிஃப்ட் மெக்கானிக். செய்முறைத் தாள் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் தலையை நனைப்பார். (கதைகள் படிப்பதில்லை. “எப்படிச் செய்யணும்னு எங்கயுமே போடலியே மாப்ளே” என்பார். இந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

3

இங்கே கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். கிட் வீட்டின் நன்மை: மேஸ்திரி இன்றைக்காவது வருவாரா என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருக்க வேண்டாம். செலவு இவ்வளவு என்று முன்பே தெரியும். சுவர் எழும்பும் வேகத்தில் எதிர்வீட்டுக்காரருக்குப் பொறாமைப்படக்கூட நேரம் கிடைக்காது. தீமை: ஒரு ஜன்னலை ஒரு சாண் நகர்த்த முடியாது. ஒரு துண்டு வராமல் போனால் வேலை நின்றது நின்றதுதான். தவிர, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி படிக்க வேண்டும். இதை எந்தத் தொழிற்சாலையும் செய்து அனுப்புவதில்லை.

“சமையக்கட்டை முன்பக்கம் வச்சுக்க முடியாதாங்க?” என்று அக்கா கேட்டாள்.

“புத்தகத்துல பின்பக்கம்தான் இருக்கு.”

“புத்தகமா சமைக்கப் போவுது?”

“மாத்தினா கம்பெனி பொறுப்பில்லன்னு போட்டிருக்கான்.”

அதோடு பேச்சு முடிந்தது.

4

முதல் சுவரை நிமிர்த்த நானும் தோள் கொடுத்தேன். நிமிர்ந்து நின்றதும் பார்த்தால், சமையலறையின் கதவும் ஜன்னலும் தெருவைப் பார்க்கின்றன! கான்கிரீட் போட வந்த கொத்தனார் போல்ட்களை அப்படித்தான் நட்டிருந்தார். கான்கிரீட் இறுகியாயிற்று. வாசற்கதவு இனிப் பின்பக்கத்து மதிலை முறைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அத்தான் “ஐயோ, போச்சே!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

காரணம் வேண்டுமே. இப்படி எழுதினேன்: “கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பாவம், அவருக்குக் கண் சரியில்லை.”

5

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

“டேய், கொத்தனார் கண்ணுக்கு என்ன கேடு?”

“கதைதானேக்கா. யாராவது தப்புப் பண்ணணும்ல.”

“அடுத்தவங்க பொழப்புல மண்ணைப் போடாத.” கத்தி நின்றது. “தாளைத் திருப்பி வச்சது நான்தான்.”

நான் பேனாவை மூடிவிட்டேன்.

“உங்க அத்தான் குழாய் வாங்கப் போயிருந்தாரு. தாளைத் திருப்பிவச்சு, தெருப்பக்கம்னு அம்புக்குறி போட்டிருந்த எடத்துல பிஸ்கட் தட்டை வச்சேன். கொத்தனார் தட்டை நகத்தவே இல்ல. தின்னுக்கிட்டே அளந்தாரு.”

“எதுக்குக்கா இவ்வளவு வேலை?”

“கல்யாணமானதுலேருந்து மாமியாரோட அந்தப் பெரிய வீட்ல பின்கட்டு அடுப்படிதான்டா எனக்கு. வாசல்ல யாரு வர்றா, யாரு போறான்னு தெரியாது. ‘இன்னொரு டீ’ன்னு குரல் மட்டும் வரும். ஒருதரம் நம்ம அப்பா வந்திருக்காரு. ‘அவ வேலையா இருப்பா, கூப்பிட வேணாம்’னு வாசலோட கெளம்பிட்டாராம். டம்ளர் கழுவறப்பதான் சொன்னாங்க. சக்கரை வியாதிக்காரருக்கு நானே ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டுக் குடுத்திருக்கேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

“அத்தானுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வீட்டையே கழட்டித் திருப்பி மாட்டிடுவாரு. புத்தகத்துல கழட்டுறதுக்கும் தனியா ஒரு பாடம் இருக்கு. இது அவர் காதுக்குப் போச்சு, அப்புறம் நீ எனக்குத் தம்பியே இல்ல.”

6

முடிவு அ: அத்தானுக்குத் தெரிந்து, வீட்டைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறார். (இன்னும் பல மாதம் என் அறையில் பீரோ. நிராகரிக்கப்படுகிறது.)

முடிவு ஆ: பழி கொத்தனாருக்கே. (அக்கா கையில் கத்தி இருக்கிறது.)

முடிவு இ: இந்த இடத்தில் நான்

7

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். போன வாரம் பீரோ புது வீட்டுக்குப் போனது, பார்க்கப் போனேன். தெருவில் நின்றபடி சமையலறைக் கதவருகே இருந்த காலிங்பெல்லை அழுத்தினேன். அத்தான் வந்து கதவைத் திறந்தார்.

“பெல்லுக்கு ஓட்டை கம்பெனியிலயே போட்டு வந்துச்சா அத்தான்?”

“வாசக்கதவுப் பக்கம் மட்டும்தான் போட்டிருந்தான். இது நான் போட்டது.”

“புத்தகத்துல இருக்கா?”

“இல்ல.”

“எப்பப் போட்டீங்க?”

“சுவரை நிமித்துறதுக்கு மொத நாளு. தரையில படுக்கவச்சுப் போட்டாத்தான் மாப்ளே ஓட்டை நேரா வரும்.” சொல்லிவிட்டு, பல்பு அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கப் போய்விட்டார்.

மொத நாளா! அப்படியானால் மறுநாள் அந்த “ஐயோ, போச்சே”? அடப்பாவி மனுஷா!

அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. சொன்னால், அத்தானைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் தெரியவரும். ஆனால் அவள் தனியாக அடைந்த ஒரே ஜெயம் போய்விடும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆகையால் நீங்களே போய் அந்த பெல்லை அடியுங்கள். சொல்வதும் சொல்லாமல் வருவதும் உங்கள் பாடு. ஜன்னல் வழியாக அக்காதான் முதலில் எட்டிப் பார்ப்பாள். சர்க்கரை வேண்டாமென்றால் அங்கேயே சொல்லிவிடலாம். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது டீ போடுகிறாள்.