வெறும் வயிறு

"பாடியத் தூக்குங்கடா! ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் வைப்போம். அந்த மயக்க டாக்டர் பொம்பள வந்து பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் அடக்கம் கிடையாது."

பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நிற்காத குறை. தம்பி செத்த துக்கத்தைவிட, நாலு பேர் தன் வாயையே பார்க்கிற சுகம்தான் அவர் முகத்தில் மினுங்கியது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணும் அங்கதானே வேலை பாக்குது?" என்றார் ஒரு மாமா.

"இவ என்ன டாக்டரா? மெஷின் துடைக்கிற வேலை. படிச்சுக் கிழிச்சது அதுக்குத்தான்" என்றார் பெரியப்பா.

அந்த வம்சத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. மயக்க மருந்துப் பிரிவில் உதவியாளர். அது என்ன வேலை என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மெஷினில் கசிவு பார்ப்பது, தொண்டைக்குள் இறக்கும் குழாயை ஆளுக்கேற்ற அளவில் எடுத்துவைப்பது, டாக்டர் கை நீட்டுவதற்குள் வேண்டியதை நீட்டுவது. "அப்ப ஊசி யாரு போடுவா?" என்பார்கள். "டாக்டர்." "அதானே பார்த்தேன்." அத்தோடு அவள் படிப்பு முடிந்தது.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானதும் ஒன்றை மட்டும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். வயிறு காலியா இருக்கணும். மயங்கினவனுக்கு இருமத் தெரியாது. உள்ளே இருக்கிறது மேலே வந்தா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியப்பா கொட்டாவி விட்டார்.

ஆபரேஷன் அன்று காலை, "உன் அப்பா இல்லையா, நீ வெளிய இரும்மா" என்றார் டாக்டர். அவளை விட்டால் வேறு உதவியாளர் இல்லை. உள்ளேயே நின்றாள்.

"அப்பா, ஏதாவது சாப்ட்டியா?"

"கொலைப் பட்டினிம்மா" என்று சிரித்தார்.

மருந்து ஏறியது. கண் மூடியது. குழாய் இறங்குவதற்குள் வாய் நிரம்பி வழிந்தது. அவள்தான் உறிஞ்சி இழுத்தாள். டீயில் ஊறிய பன். டாக்டர் அவளைப் பார்த்தார். மறுநாள் மத்தியானம்வரை அப்பா தாங்கினார்.

கொடுத்தது யார் என்று துப்பு துலக்க வேண்டியிருக்கவில்லை. பெரியப்பாவே வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். "என் கையால ஊட்டினேன். டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. வெறும் வயித்தோடயா ஒரு மனுஷனைக் கத்திக்குக் குடுக்கிறது? பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாதடான்னேன்." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அண்ணன்னா இப்படி இருக்கணும்.

அவள் எழுந்தாள். "பெரியப்பா, இப்படி வாங்க."

பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் நிறுத்தினாள்.

"நீங்க ஊட்டின பன்னுதான் அவரு நுரையீரல்ல போய் அடைச்சுது. நான்தான் உறிஞ்சி எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க வச்சு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. அவள் பிறந்ததிலிருந்து ஓயாத வாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் தொட்டியில் காறித் துப்பினார். துண்டால் உதட்டைத் துடைத்தார்.

"தாராளமா சொல்லு. ஊட்டினது நான். பிளாஸ்க்ல டீயும் பன்னும் கட்டிக்குடுத்து, 'அவருக்குப் பசி தாங்காது மாமா'ன்னு அனுப்பினது யாரு? உங்கம்மா. அதையும் சேர்த்துச் சொல்லு."

பொய்யாக இருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தாள். இவ்வளவு சட்டென்று பொய் சொல்ல அவருக்கு மூளை பத்தாது.

உள்ளே அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "பசியோட போகல. அது ஒண்ணுதான் எனக்கு…"

அவள் உள்ளே போனபோது நாலு பேர் கட்டிலில் கை வைத்திருந்தார்கள்.

"கைய எடுங்க" என்றாள். "அப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்துல கோளாறு. எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். வேற வழியில்லாம தெரிஞ்சேதான் பண்ணினோம். யார் மேலயும் தப்பில்ல."

மூன்று வருஷமாக அவள் சொன்ன ஒரு உண்மையும் ஏறாத மண்டைகள் இந்த ஒரு பொய்க்கு வரிசையாக ஆடின. "படிச்ச பொண்ணு சொல்லுதுல்ல" என்றார் அந்த மாமா.

"நான் அன்னிக்கே நெனச்சேன், ஹார்ட்டுதான்னு." பெரியப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். காதோரம் கேட்டாள். "அன்னிக்குக் காலைல கொஞ்சம் பன்னு சாப்ட்டாரு. அதால ஒண்ணும் இல்லல்ல?"

"அதால ஒண்ணும் இல்லம்மா."

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தலைமாட்டில் மண்டியிட்டாள். இரண்டு பக்கமும் விரல்களைத் தாடைக்கடியில் கொடுத்து, காற்று உள்ளே போக வழிவிடுகிற மாதிரி, முன்னால் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அழுத்தி மூடி, துணியை இறுக்கிக் கட்டினாள்.